மானியம்: சொல்லும் கரும்பும்

மானியம் என்றால், ஒரு பொருளின் விலையிலோ உற்பத்திச் செலவிலோ அரசு ஏற்றுக்கொள்ளும் பங்கு. மொரீசியஸில் ரேஷன் அரிசியும் கோதுமை மாவும் சமையல் எரிவாயுவும் இந்தத் தாங்கலில்தான் வீட்டுக்கு வருகின்றன. எங்கள் தீவின் பேச்சுமொழியான கிரியோலில் ‘சிப்சிட்’.

வடமொழி ‘மான்ய’, அதாவது மதிக்கத்தக்கது, என்பதிலிருந்து வந்த சொல். தமிழ்நாட்டில் அது முதலில் பணமே அல்ல, நிலம். கோயிலுக்கும் ஊர்ப் பணியாளருக்கும் வரி நீக்கி விடப்பட்ட நிலத்தை மானியம் என்றார்கள். முழு வரியும் நீங்கினால் சர்வமானியம். சோழர் கல்வெட்டுகளில் இதற்கு நல்ல தமிழ்ச் சொல் உண்டு: இறையிலி. இறை என்பது வரி. அரசு கையிலிருந்து எதையும் எடுத்துத் தரவில்லை, வாங்க வேண்டியதை வாங்காமல் விட்டது, அவ்வளவுதான். ஆங்கிலச் ‘சப்சிடி’யின் பிறப்பிடமோ போர்க்களம். லத்தீனில் ‘சப்சிடியம்’ என்றால் பின்வரிசையில் காத்து நிற்கும் துணைப்படை.

எங்கள் கரும்புக்கு அந்தத் துணைப்படை ஐரோப்பாவில் நின்றது. ஐரோப்பிய நாடுகளும் அவற்றின் முன்னாள் காலனிகள் பலவும் செய்துகொண்ட 1975 லோமே வர்த்தக ஒப்பந்தத்தோடு வந்த சர்க்கரை உடன்படிக்கையின்படி, ஆண்டுக்கு ஏறத்தாழ 4.9 லட்சம் டன் மொரீசியஸ் சர்க்கரையை உறுதி விலைக்கு அவர்கள் வாங்கினார்கள். பல ஆண்டுகளில் அது உலகச் சந்தை விலையைப் போல இரண்டு, மூன்று மடங்கு. இதையும் மானியம் என்றே எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த விலை, சர்க்கரை எடுக்கப் பீட் கிழங்கு பயிரிடும் ஐரோப்பிய விவசாயிக்காகக் கட்டிய மதில். அதன் நிழலில் நாங்களும் ஒதுங்கினோம். ‘சலுகை விலை’ என்பதே பொருத்தம். பிரேசில், ஆஸ்திரேலியா, தாய்லாந்து தொடுத்த வழக்கில் 2005இல் உலக வர்த்தக அமைப்பு ஐரோப்பாவுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 2006 முதல் விலை படிப்படியாக 36 சதவீதம் இறங்கியது, 2009இல் உடன்படிக்கையே முடிந்தது. 19ஆம் நூற்றாண்டில் இருநூறுக்கு மேல் இருந்த ஆலைகளில் இன்று மிஞ்சியவை மூன்று.

தனித்தமிழார் மானியத்துக்கு ‘நல்கை’ என்பார்கள். நல்குதல் என்பது அருளோடு கொடுத்தல். ஆராய்ச்சிக்குத் தரும் தொகைக்கு அது பொருந்தும். நட்டால்தான், வெட்டினால்தான் கிடைக்கும் பணத்துக்கு அருள் எதற்கு? பழகிய மானியமே இருக்கட்டும்.

சர்க்கரைப் பயிர்களிலிருந்து எடுக்கும் எரிசாராயமான எத்தனால் பற்றிய கட்டுரைகளில் இன்னொரு சொல் தடுமாறுகிறது: ‘உபரி’. ஒதுக்கீட்டுக்கு மேல் விளைந்த பீட்டை ஐரோப்பா எரிபொருளாக்கியது. சர்க்கரை விலை சரிந்து எண்ணெய் விலை ஏறியிருந்த 1975இல் பிரேசில் கரும்பை அப்படித் திருப்பியது. அவை உபரி, தமிழில் மிகை. மொரீசியஸில் லா பராக் வடிசாலை 2014 முதல் எத்தனால் எடுப்பதோ ‘மெலாஸ்’ என்னும் கழிவுப்பாகிலிருந்து. சாற்றைத் திரும்பத் திரும்பக் காய்ச்சிச் சர்க்கரை பிரித்தபின், இனிப் படிகமாகாது என்று தங்கிவிடும் கரும்பாகு அது. விரலில் தொட்டால் நூல் இழுக்கும், நாக்கில் முதலில் இனிக்கும், பிறகு கசக்கும். அதன் எடையில் ஏறத்தாழ பாதி இன்னும் சர்க்கரையாக இருப்பதால்தான் நொதித்துச் சாராயமாகிறது. இதை உபரி என்பது தவறு, எச்சம் என்க. ‘வெல்லப்பாகு’ என்று மொழிபெயர்ப்பது அதைவிடத் தவறு: வெல்லப்பாகில் சர்க்கரை எதுவும் பிரிக்கப்படவில்லை.