இழுக்க இழுக்கக் கனக்கும் ஸ்லெட்: டீசல் பிக்கப்பைப் போட்டிக்குத் தயார் செய்தல்

அமெரிக்காவின் ஒஹாயோ, மிசூரி போன்ற விவசாய மாநிலங்களில் ஊர்க் கண்காட்சி என்றால் ஸ்லெட் இழுப்பும் இருக்கும். நன்றாக இறுக்கிய மண் தடத்தில் பிக்கப் டிரக்கின் பின்னால் சங்கிலி போட்டு ஓர் இரும்பு ஸ்லெட்டை, அதாவது மண்ணில் உரசியபடி இழுபடும் பாரப்பலகையை, மாட்டுவார்கள். 300 அடி (91 மீட்டர்) இழுத்துவிட்டால் முழு இழுப்பு. அதற்குள் நின்றுவிட்டால், நின்ற தூரம்தான் கணக்கு.

குதிரைகள் இழுத்த காலத்தில் பலகை நகர நகர ஆட்கள் ஒவ்வொருவராக அதன்மேல் ஏறிக்கொள்வார்கள். நம் வயலில் பரம்படிக்கும்போது பலகைமேல் ஆள் ஏறி நின்றால் மாடு திணறுமே, அதே சங்கதிதான். இன்றைய ஸ்லெட்டில் ஆட்களுக்குப் பதில் ஓர் எடைப்பெட்டி. தொடக்கத்தில் அது ஸ்லெட்டின் பின்சக்கரங்களுக்கு மேல் இருக்கும். சக்கரம் உருள உருள, பல்சக்கரமும் சங்கிலியும் அதை முன்னோக்கி ஏற்றும். முன்பக்கம் சக்கரம் கிடையாது, மண்ணோடு உரசும் தட்டுதான். உருண்டுகொண்டிருந்த எடை இப்படி உரசும் எடையாக மாறுவதால், தூரம் கூடக் கூட இழுவையும் கூடுகிறது. முதல் 100 அடி யாருக்கும் சுலபம். கடைசி 100 அடியில் சக்கர வேகம் விழாமல் தாங்க வேண்டும், டிரக்கில் செய்யும் ஒவ்வொரு வேலையும் அதற்காகத்தான்.

எடையிலிருந்து தொடங்குவதே சரி. பலர் எஞ்சினில் தொடங்கிப் பணத்தைக் கரைக்கிறார்கள். உள்ளூர்ப் போட்டிகளில் ஓட்டுநரோடு சேர்த்து 8,000 பவுண்டு (சுமார் 3,630 கிலோ), ஹிட்ச் (சங்கிலி மாட்டும் கொக்கி) உயரம் அதிகபட்சம் 26 அங்குலம் என்பது பரவலான வரம்பு. சக்கர இடைவெளி 140 அங்குலம், சங்கிலியில் இழுவை 6,000 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். 6,000-ஐ 26-ஆல் பெருக்கி 140-ஆல் வகுத்தால் சுமார் 1,100. அவ்வளவு பவுண்டு எடை முன் அச்சிலிருந்து பின் அச்சுக்கு இடம் மாறுகிறது. நிற்கும்போது முன்னால் 4,800, பின்னால் 3,200 என்றிருந்த டிரக், இழுக்கும்போது 3,700-க்கு 4,300 ஆகிவிடும். நான்கு சக்கரமும் மண்ணைப் பிடிக்க வேண்டுமென்றால் முன்னால் கனமாகத்தான் புறப்பட வேண்டும்.

முன் பம்பருக்கு வெளியே எடைக்கட்டிகளைத் தொங்கவிடுவது இதற்குத்தான். முன் அச்சுக்கு 60 அங்குலம் முன்னால் 100 பவுண்டு தொங்கினால், நெம்புகோல் கணக்கில் முன் அச்சில் 143 பவுண்டு ஏறும், பின் அச்சில் 43 குறையும். இங்கே பேராசை கூடாது. பின்பக்கம் லேசாகிப்போனால் பின்சக்கரம் மண்ணைச் சீவிக்கொண்டு சும்மா சுழலும்.

ஹிட்ச் உயரத்தில் வரம்பு அனுமதிக்கும் கடைசி அங்குலம்வரை பயன்படுத்திக்கொள்வார்கள். ஆனால் இழுக்கும்போது பின் ஸ்பிரிங் அமுங்கினால் அந்த உயரம் போய்விடும். அதனால் விதி அனுமதிக்கும் வகுப்புகளில் சேஸிஸுக்கும் பின் அச்சுக்கும் இடையில் கட்டை கொடுத்து அமுங்காமல் நிறுத்துகிறார்கள். அச்சு முறுக்கிக்கொள்ளாமலிருக்க, அதைச் சேஸிஸோடு பிணைக்கும் தண்டுகளான டிராக்‌ஷன் பார்களும் வேண்டும். இல்லாவிட்டால் சக்கரம் துள்ளும். துள்ளி விழுந்து பிடிக்கும் அந்த நொடியில்தான் ஆக்சில் ஷாஃப்டும் யூ-ஜாயின்ட்டும் உடைகின்றன. வரிசை முக்கியம்: முதலில் டயர் காற்றை ஓட்ட அழுத்தத்துக்குக் கொண்டுவந்து, பிறகு ஹிட்ச் உயரத்தை அளக்க வேண்டும். காற்றைக் குறைத்தால் ஹிட்சும் இறங்கும். அழுத்தம் மிகுந்தால் டயரின் நடுப்பகுதி மட்டும் மண்ணைத் தொடும். மிகக் குறைந்தால் பக்கச்சுவர் மடிந்து துள்ளல் தொடங்கும்.

கியரைக் கணக்குப் போட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும். 1994 முதல் 1998 வரை வந்த டாட்ஜ் ராம் பிக்கப்பில் என்.வி. 4500 கியர்பாக்ஸ் இருந்தால், முன், பின் அச்சுகளுக்குச் சக்தியைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் லோ விகிதம் 2.72, அச்சு விகிதம் 4.10, நான்காவது கியர் 1.00. மூன்றையும் பெருக்கினால் மொத்தம் 11.15. 35 அங்குல டயர், 4,000 ஆர்.பி.எம். என்றால் சக்கர வேகம் மணிக்குச் சுமார் 60 கிலோமீட்டர். மூன்றாவது கியரில் (1.67) அது 36 ஆகிவிடும். தடம் இறுகிப் பிடிமானம் நன்றாக இருந்தால் நான்காவது. எஞ்சினில் தெம்பு இல்லாமல் நான்காவதில் புறப்பட்டால் பாதி வழியில் ஆர்.பி.எம். விழும், எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போவின் காற்றழுத்தமும் கூடவே விழும். அதன்பின் மீட்க முடியாது.

அதே ராமில் வரும் 12 வால்வு, 5.9 லிட்டர் கம்மின்ஸ் எஞ்சினை இந்த உலகம் இன்றும் விடாமல் பிடித்திருப்பதற்குக் காரணம் அதன் பி7100 டீசல் பம்ப். கம்ப்யூட்டர் இல்லை, எல்லாம் ஸ்பானர் வேலை. எஞ்சின் வேகத்துக்கு வரம்பு கட்டும் தொழிற்சாலை கவர்னர் ஸ்பிரிங் 2,500 ஆர்.பி.எம்.-ஐத் தாண்டியதும் டீசலைக் குறைத்துவிடும். கடினமான ஸ்பிரிங் போட்டால் 4,000 வரை ஊட்டும். கூடவே வால்வு ஸ்பிரிங்கையும் மாற்றியாக வேண்டும், பழைய ஸ்பிரிங் அந்த வேகத்தில் வால்வைக் கட்டுப்படுத்தாது.

டைமிங்கும், அதாவது டீசலைத் தெளிக்கத் தொடங்கும் தருணமும், மாறும். 2,000 ஆர்.பி.எம்.-இல் கிராங்க் ஒரு பாகை சுழல 0.083 மில்லிநொடி ஆகும், 4,000-இல் அதில் பாதி. டீசல் பற்றி எரிய எடுக்கும் நேரமோ அந்த விகிதத்தில் குறைவதில்லை. எனவே தெளிப்பை முன்னதாகத் தொடங்க வேண்டும். ஆனால் முன்னதாக எரிந்தால் சிலிண்டரின் உச்ச அழுத்தம் ஏறி, மேலே மூடியாக இருக்கும் ஹெட்டைத் தூக்கப் பார்க்கும், இடையிலுள்ள கேஸ்கெட் போகும். அதனால்தான் டைமிங்கையும் டர்போவையும் கூட்டும் முன்னரே ஹெட் போல்ட்டுகளைக் கழற்றிவிட்டு உறுதியான ஸ்டட்களைப் போடுகிறார்கள். டர்போவின் காற்றழுத்தம் 60 பி.எஸ்.ஐ.-ஐத் (சதுர அங்குலத்துக்கு 60 பவுண்டு) தொடும் எஞ்சினில் ஹெட்டில் காடி வெட்டி எஃகு வளையமும் பதிப்பார்கள். பம்ப் கியரை மாட்டும்போது அதன் கூம்புப் பொருத்தத்தில் துளி எண்ணெய்கூட இருக்கக் கூடாது. பிரேக் கிளீனரால் துடைத்து உலர்த்தாவிட்டால் கியர் வழுக்கும், டைமிங் தானாகவே பின்வாங்கிவிடும். முன் கியர் உறையில் இருக்கும் சிறிய டவல் பின்னையும் (உறையை இடம் பிசகாமல் நிறுத்தும் இரும்பு முளை) ஒரு தகடு வைத்து அடைத்துவிட வேண்டும். அதிர்வில் அது கழன்று டைமிங் கியர்களுக்குள் விழுந்து எஞ்சினையே முடித்த கதைகள் உண்டு.

பாதுகாப்பில் சமரசமே கிடையாது. டீசல் எஞ்சினுக்குத் தீப்பொறி தேவையில்லை. டர்போவின் சீல் போய் எண்ணெய் காற்றுக்குழாய்க்குள் இறங்கினால், சாவியைத் திருப்பி அணைத்தாலும் அந்த எண்ணெயையே குடித்துக்கொண்டு ஓடும். காற்றை அடைப்பதுதான் நம்பகமான வழி. எனவே காற்றுவழியில் ஒரு கதவு, அதை இழுக்கும் கேபிள், அதன் மறுமுனை ஸ்லெட்டில். சங்கிலி அறுந்தால் கேபிள் இழுபட்டு எஞ்சின் மூச்சடைத்து நிற்கும். டர்போவுக்கு அருகே எக்சாஸ்ட் குழாயில் 3/8 அங்குல போல்ட் இரண்டைக் குறுக்கும் நெடுக்குமாகப் போடுவார்கள், வெடித்த டர்பைன் துண்டு கூட்டத்துக்குள் பறக்காமல் தடுக்க. கிளட்ச் உறைக்கும் டிரைவ் ஷாஃப்டுகளுக்கும் கவசம் வேண்டும்.

கோட்டில் நின்றதும் மெல்ல முன்னேறிச் சங்கிலியை இறுக்க வேண்டும். தொய்வோடு கிளட்சை விட்டால் அந்த உதறலே எதையாவது உடைக்கும். இறுகியபின் டர்போவில் அழுத்தம் ஏறும்வரை ஆக்சிலரேட்டரை மிதித்துப் பிடித்து, பச்சைக் கொடியில் ஒரே சீராக கிளட்சை விட வேண்டும். நின்றபின் உடனே எஞ்சினை அணைக்கக் கூடாது. சில நிமிடம் ஐடிலில் ஓடட்டும். பழுக்கக் காய்ந்திருக்கும் டர்போவின் பேரிங்கில் எண்ணெய் நின்றுவிட்டால் அங்கேயே கருகி ஒட்டிக்கொள்ளும்.