அனுமதி பெற்ற வீடு சரிந்தால் நகராட்சி பொறுப்பா?

குன்னூர் பக்கம் சரிவில் வீடு கட்ட வேண்டுமென்றால் முதல் வேலை, பொக்லைன் வைத்து மண்ணை வெட்டித் தட்டையாக்குவதுதான். நீலகிரியின் அடியில் சார்னோக்கைட் என்ற கடினப் பாறை. அதன்மேல் பாறையே மக்கி உண்டான மண், பல மீட்டர் கனத்தில். அடிவாரத்தை வெட்டினால் மேல்மண்ணுக்கு இருந்த முட்டு போய்விடும். காய்ந்திருக்கும்வரை நிற்கும். மழைநீர் இறங்கித் துகள்களுக்கிடையே நிறைந்தால், அதன் அழுத்தத்தில் துகள்களின் பிடி தளர்ந்துவிடும். 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 820 மி.மீ. கொட்டியது, அந்த மழையில் மாவட்டத்தில் 40 பேருக்கு மேல் மண்ணுக்குள் போனார்கள்.

தடுப்புச் சுவரும் எப்போதும் காப்பாற்றாது. கசிவுத் துளையும், சுவருக்குப் பின்னால் ஜல்லி நிரப்பும் இல்லாவிட்டால் சுவரே அணையாகி, தேங்கிய நீரின் தள்ளலில் சாயும். வீட்டுக் கழிவுநீரைச் சரிவிலேயே ஊறுகுழியில் விடுவது இன்னொரு தொல்லை: மழை இல்லாத மாதத்திலும் மண் ஈரமாகவே இருக்கும்.

மலைப் பகுதி விதிகளில் கட்டட உயரத்துக்கு வரம்பு 7 மீட்டர். ஹாகா (மலைப் பகுதிப் பாதுகாப்பு ஆணையம்) கட்டுப்பாட்டில் உள்ள கிராமம் என்றால் புவியியல்-சுரங்கம், வேளாண் பொறியியல், வனம் ஆகிய துறைகளின் கருத்தும் வேண்டும். உயரத்தைத் தெருவில் நின்றே அளந்துவிடலாம். வெட்டின் ஆழம், சுவர் எழும்பிய பிறகு கண்ணில் படாது. ஆய்வு நடக்க வேண்டிய நேரம் வெட்டும் நாள்தான்.

சரி, சரிந்த பிறகு? 2005 பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 41ஆம் பிரிவு, தன் எல்லைக்குள் நடக்கும் கட்டுமானங்கள் பேரிடர்த் தடுப்பு விதிகளுக்கு இணங்குவதை உறுதிசெய்யும் கடமையை உள்ளாட்சிக்குத் தருகிறது. 73ஆம் பிரிவோ நல்லெண்ணத்தோடு செய்த செயலுக்குக் காப்பு தருகிறது. வழக்குகள் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இழுபடுகின்றன.

டெல்லி சாந்தினி சவுக்கில் மணிக்கூண்டு இடிந்த வழக்கில், 1966இல் உச்ச நீதிமன்றம் மாநகராட்சியைப் பொறுப்பாக்கியது. கட்டடம் அதனுடையது, பராமரிப்பும் அதனுடையது. அதே டெல்லியின் உப்ஹார் திரையரங்கத் தீ வழக்கில் 2011இல் உரிமம் கொடுத்த அதிகாரியும் மாநகராட்சியும் இழப்பீட்டிலிருந்து விடுபட்டார்கள். ஆக, அனுமதி கொடுத்தது மட்டுமே குற்றமென்று வாதாடினால் ஜெயிப்பது கடினம். நகராட்சியின் சொந்த வடிகாலோ சிறுபாலமோ அடைபட்டு, அந்தத் தண்ணீர் சரிவில் பாய்ந்தது என்றால் கதை வேறு.

அங்கேயும் முதலில் வரும் கேள்வி, அடைப்பு நகராட்சிக்கு முன்பே தெரியுமா என்பது. அதனால் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே எழுத்தில் புகார் கொடுங்கள்: தெரு, வடிகால் இருக்கும் இடம், படம், தேதி. ஒப்புகைச் சீட்டை விடாமல் வாங்குங்கள். வாய்ச்சொல் புகார் நீதிமன்றத்தில் நிற்காது. சரிவில் உங்களுக்கு மேலே இருக்கும் வீட்டின் வரைபட அனுமதியும் துறைக் கருத்துகளும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால், 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். உயிரிழப்புக்கு இழப்பீட்டு வழக்குப் போடக் கெடு, இறந்த நாளிலிருந்து 2 ஆண்டு.