இசைவு: பேச்சு வராத பிள்ளையிடம் கேட்கவேண்டியது

குடியாத்தம் பக்கத்திலிருந்து வந்த ஒரு அம்மா, ஆராய்ச்சி பற்றி நான் சொல்லி முடிப்பதற்குள் "எங்க கையெழுத்து போடணும் சார்" என்றார். ஆராய்ச்சியில் சேராவிட்டால் மகனின் பயிற்சி நின்றுவிடுமோ என்ற பயம். அப்படி நிற்காது என்று இரண்டு முறை சொல்லவேண்டியிருந்தது. பக்கத்தில் மகன், ஒன்பது வயது, வலிப்புக்கு அப்புறம் பேச்சு போய்விட்டது. அம்மாவுக்கு ஒரு தாள், அவனுக்கு ஒரு தாள், இரண்டிலும் தலைப்பு 'ஒப்புதல்'.

ஆங்கிலத்தில் இவை இரண்டு சொற்கள். பெற்றோர் தருவது கன்சென்ட், பிள்ளை தருவது அசென்ட். இரண்டுக்கும் வேர் 'உணர்தல்' என்று பொருள்படும் லத்தீன் சொல்தான், ஆனால் முதலாவதுதான் சட்டப்படி செல்லும். 18 வயது ஆகாதவர் அதைத் தர முடியாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2017 நெறிமுறைகள்படி 7 முதல் 12 வயதுவரை வாய்மொழியாகவும், அதற்குமேல் 18 வரை எழுத்திலும் அசென்ட் வாங்கவேண்டும். சரி, வாய்மொழியே இல்லாத பிள்ளையிடம் என்ன செய்வது?

வேலூரில் வீட்டுப் பேச்சில் புழங்குவது சம்மதம். வடமொழிச் சொல், ஒத்த எண்ணம் என்று பொருள். நல்ல சொல்தான், ஆனால் கூடவே 'மௌனம் சம்மதம்' என்பதும் ஒட்டிக்கொண்டு வந்துவிடுகிறது, பேச முடியாத பிள்ளை விஷயத்தில் அதைவிட ஆபத்தான வழக்கு கிடையாது. மறுக்காமல் இருப்பது மட்டுமே அசென்ட் ஆகாது என்று அமெரிக்க விதிமுறை வெளிப்படையாகவே சொல்கிறது. ஒப்புதல் அலுவலகச் சொல், 'ஒப்புதல் வாக்குமூலம்' வரை போகும். அது கன்சென்ட்டுக்கே இருக்கட்டும்.

அசென்ட்டுக்கு நான் சொல்வது இசைவு. இசைதல் என்றால் பொருந்துதல், இணங்குதல். அதற்கு வாய் வேண்டும் என்பதில்லை, கண்ணும் கையும் இசையலாம், இசையாமலும் போகலாம்.

அந்தப் பையனிடம் பச்சை அட்டை, சிவப்பு அட்டை கொடுத்தேன். முதலில் பிஸ்கட்டைக் காட்டி, அட்டைகள் அவனுக்குப் புரிகின்றனவா என்று பார்த்தேன். பச்சையை உடனே தூக்கினான். அப்புறம், ஆராய்ச்சியில் என்ன செய்வோம் என்று காட்ட, தலையில் ஒயர்த் தொப்பி மாட்டிய சிறுவன் படம். எந்த அட்டையையும் தொடவில்லை, படத்தைக் கவிழ்த்து என் பக்கம் தள்ளினான். கொஞ்ச நேரம் விட்டு மறுபடி காட்டினேன், மறுபடி கவிழ்த்தான்.

"அவன் கெடக்கறான், நீங்க பண்ணுங்க சார்" என்றார் அம்மா.

கையெழுத்து இருந்தது, இசைவு இல்லை. அவன் தாளில் நான் 'இசையவில்லை' என்று எழுதி, மேசைமேல் இருந்த தொப்பியை எடுத்து அலமாரிக்குள் வைத்த பிறகுதான் அவன் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தான்.