ஆக்சிஜன் சிலிண்டருக்கு எண்ணெய் தடவாதீர்கள்

போன வாரம் மன்னார்குடிப் பக்கம் ஒரு சிறிய மருத்துவமனைக்குத் தீயணைப்புக் கருவிகளைப் பார்க்கப் போயிருந்தேன். வார்டு ஓரத்தில் ஒரு ஊழியர் ஆக்சிஜன் சிலிண்டரில் ரெகுலேட்டரை மாட்டிக்கொண்டிருந்தார். மரை இறுகிக் கிடந்தது. தேங்காய் எண்ணெயைப் பஞ்சில் நனைத்துத் தடவப் போனவரின் கையைப் பிடித்து நிறுத்தினேன். “எப்பவும் இப்படித்தான் சார் செய்வோம்” என்றார். இந்த வருடம் இது நான் பார்க்கும் நாலாவது இடம்.

“ஆக்சிஜன் எரியாதுங்களே!” இதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. படித்தவர்களும் சொல்கிறார்கள். சரி, அது தானாக எரியாது. மற்ற எல்லாவற்றையும் எரியவைக்கும். நாம் சுவாசிக்கும் காற்றில் ஆக்சிஜன் சுமார் 21 சதவீதம்தான். அதற்கே வைக்கோல் போர் பற்றினால் என்ன ஆகும் என்று டெல்டாக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சிலிண்டருக்குள் இருப்பதோ கிட்டத்தட்ட சுத்தமான ஆக்சிஜன், சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 150 கிலோ அழுத்தத்தில். அது எண்ணெய் பட்ட இடத்தில் பாய்ந்தால் பற்றிக்கொள்ளத் தீக்குச்சி வேண்டாம். தேங்காய் எண்ணெய், கிரீஸ், வாஸ்லின், எண்ணெய்க் கை எல்லாமே ஆபத்துதான். கசிந்த ஆக்சிஜன் போர்வையிலும் மெத்தையிலும் தங்கும். அந்த வார்டில் வெள்ளிக்கிழமை என்று சாமி படத்துக்குக் கற்பூரம் காட்டுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.

கையைக் கழுவித் துடைத்துவிட்டு மாட்டுங்கள். வால்வை மெதுவாகத் திறங்கள், முகத்தை அழுத்தம் காட்டும் கேஜுக்கு நேராக வைக்காதீர்கள். சிலிண்டரைச் சங்கிலி போட்டு நிறுத்துங்கள். அருகில் தீ பிடித்தால், கை எட்டுகிற நிலை இருந்தால், முதல் வேலை வால்வை மூடுவது. அப்புறம் நோயாளியை வெளியே கொண்டுபோங்கள், 101-ஐ அழையுங்கள்.

அதே இடத்தில் தீயணைப்புக் கருவியின் பாதுகாப்புப் பின்னைக் கட்டுக்கம்பியால் முறுக்கிக் கட்டியிருந்தார்கள், குழந்தைகள் இழுக்கிறார்களாம். அவசரத்தில் எந்த நர்ஸ் கட்டிங் பிளேயர் தேடுவார்? கார்பன் டை ஆக்சைடு கருவியில் அழுத்தம் காட்டும் முள்ளே கிடையாது, உள்ளே வாயு இருக்கிறதா என்று எடை போட்டுத்தான் பார்க்க வேண்டும். இதை நான் சொன்னபோது நிர்வாகி ஆச்சரியப்பட்டார்.

கேன்டீனில் சமையல் கேஸ் வாசனை வந்தால் ஃபேனைப் போடாதீர்கள், எந்த சுவிட்சையும் தொடாதீர்கள். ரெகுலேட்டரை மூடிவிட்டுக் கதவையும் திறந்துவையுங்கள். காற்றைவிடக் கனமான வாயு அது, தரையோடுதான் படுத்திருக்கும். வெளியே வந்து 1906-க்கு அழையுங்கள்.

மாடிப்படிக்குக் கீழே காலி சிலிண்டர்களையும் உடைந்த கட்டில்களையும் அடுக்கியிருந்ததைப் பார்த்தபோது எனக்குக் கோபம்கூட வரவில்லை, பயம்தான் வந்தது. 2004-ல் 94 குழந்தைகளைத் தீக்குப் பறிகொடுத்த கும்பகோணம் அங்கிருந்து ஒரு மணி நேரப் பயணம். அன்றே எடுக்கச் சொன்னேன், நான் கிளம்புவதற்குள் பாதி எடுத்திருந்தார்கள்.

மரை ஏறவில்லை என்றால் அந்தச் சிலிண்டரை அனுப்பிய இடத்துக்கே திருப்பிவிடுங்கள். எண்ணெய் பாட்டிலை வார்டை விட்டே எடுத்துவிடுங்கள், இன்றைய ஷிஃப்ட் முடிவதற்குள்.