நிறம் போனால் சாயம் போயிற்றா?

சாயம் போகாது என்று சொல்லித்தான் பனியனை விற்கிறோம். அந்தக் கெட்டித்தனமே சாயப்பட்டறைக் கழிவுநீரில் தலைவலியாகிறது. பருத்திக்குப் போடும், நூலோடு வினைபுரிந்து ஒட்டிக்கொள்ளும் ரியாக்டிவ் சாயத்தில் ஒரு பங்கு நூலில் ஒட்டாமல் தண்ணீரோடு போய்விடும். காற்றூட்டிய தொட்டியில் பாக்டீரியாக்களை விட்டாலும் அவை இதைப் பெரும்பாலும் சீண்டுவதில்லை.

இதற்குத்தான் ஹைட்ராக்சில் ரேடிக்கல். ஓர் ஆக்சிஜன், ஒரு ஹைட்ரஜன், ஜோடியில்லாத ஓர் எலெக்ட்ரான். அதற்கு ஜோடி தேடி, எதிர்ப்படும் கரிமப் பொருளையெல்லாம் பிய்த்தெடுக்கும். குளோரினையும் ஓசோனையும் விட வலுவானது. ஆனால் அற்பாயுசு, பிறந்த இடத்திலேயே தீர்ந்துவிடும். கேனில் வாங்கி ஊற்ற முடியாது, தொட்டிக்குள்ளேயே உண்டாக்க வேண்டும்.

பழைய வழி, 1894-இல் ஃபென்டன் என்ற ஆங்கிலேய வேதியியலாளர் எழுதிவைத்த வினை. அமிலம் சேர்த்து பி.எச். அளவை 3-க்குப் பக்கத்தில் இறக்கி, இரும்பு சல்பேட்டும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலப்பார்கள். (பெராக்சைடு பட்டறைக்குப் புதிதல்ல, துணி வெளுக்க வாங்குவதுதான்.) இரும்பு பெராக்சைடை உடைக்க, ரேடிக்கல் பிறக்கும். அப்புறம் சுண்ணாம்போ காரமோ சேர்த்தால் இரும்பு சேறாகக் கீழே தங்கும். அந்தச் சேற்றை எங்கே கொட்டுவது என்பது தனிப் பஞ்சாயத்து. ஓசோன், பெராக்சைடோடு புற ஊதா ஒளி என்று சேறில்லாத வழிகளும் உண்டு. கரண்ட் பில் ஏறும்.

அசோ என்ற பெரிய சாயக் குடும்பத்தில் நிறத்துக்குக் காரணம் இரண்டு நைட்ரஜன் அணுக்களுக்கு நடுவே உள்ள இரட்டைப் பிணைப்பு. அது அறுந்ததும் சிவப்புத் தண்ணீர் தெளிந்துவிடும். பார்ப்பவர் அசந்துபோவார். ஆனால் உடைந்த துண்டுகள் தண்ணீருக்குள்தான் இருக்கின்றன. எல்லாவற்றையும் கார்பன் டை ஆக்சைடாகும்வரை உடைத்தால் செலவு கட்டாது. பாதி உடைத்து, மிச்சத்தை பாக்டீரியாவிடம் விடுவதே கெட்டிக்காரத்தனம் என்பேன்.

சரி, உப்பு? சாயம் நூலில் ஏற உப்பைக் கொட்டுகிறோமே, அதை எந்த ரேடிக்கலாலும் உடைக்க முடியாது. போதாததற்கு, குளோரைடும் கார்பனேட்டும் சாயத்துக்கு வைத்த ரேடிக்கலைப் பறித்துக்கொள்ளும். திருப்பூர் வழியே ஓடும் நொய்யல் ஆற்றங்கரை விவசாயிகள் நொந்தது நிறத்தால் மட்டுமல்ல, இந்த உப்பாலும்தான். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. மறுபடி திறக்க, கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடக் கூடாது என்பதுதான் நிபந்தனை. எனவே நிறம் நீக்கிய தண்ணீர் அங்கே ஆர்.ஓ. சவ்வுக்குப் போகிறது. சவ்வு ஒதுக்கிய உப்புநீரைக் கொதிக்கவைத்து வற்றவிட்டு, தேறும் உப்பை மறுபடி சாயத்தொட்டியிலேயே போடுகிறார்கள்.