‘வந்தா’ன்னா யாரு வந்தா? மலைப் பேச்சும் ஏஐயும்

“ஏற்காட்டுப் பக்கம் வாழவந்தி, நாகலூர் ஊர்ப் பெரியவர்கள் பேசுவதைப் போனில் பதிந்து ஏஐயிடம் கொடுத்தால் எழுதித் தந்துவிடுமா? அதையே ஆவணமாக வைத்துக்கொள்ளலாமா?” என்று சேலத்து வாசகர் ஒருவர் கேட்கிறார். எழுதித் தரும். ஆவணமாக வைக்கத்தான் முடியாது.

சேர்வராயன் மலையின் பழங்குடிகளான மலையாளிகள் கேரளத்தவர் அல்லர். காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்களின் வழி என்று தங்களைச் சொல்லிக்கொள்பவர்கள். அவர்கள் பேச்சு தமிழின் ஒரு வகை. நீலகிரியின் தோடா, கோத்தா மொழிகள் யுனெஸ்கோவின் அழிவாபத்துப் பட்டியலில் இருக்கின்றன. மத்திய அரசு 2013-ல் தொடங்கிய மொழிப் பாதுகாப்புத் திட்டமும் 10,000 பேருக்குக் குறைவாகப் பேசும் மொழிகளுக்கானது. ‘இதுவும் தமிழ்தானே’ என்று கணக்கில் சேர்ந்துவிடும் பேச்சு இந்த வலைகளில் சிக்குவதில்லை. அதனால்தான் போனும் ஏஐயுமாக ஆர்வலர்களே இறங்க வேண்டியிருக்கிறது.

பேச்சை எழுத்தாக்கும் விஸ்பர் மென்பொருளை எடுத்துக்கொள்வோம், 2022-ல் வெளியானது. 6,80,000 மணி நேர ஒலியில் பழகியது. நம் பதிவை 30 விநாடித் துண்டுகளாக்கும். விநாடிக்கு 16,000 எண்களாக்கும். 10 மில்லிவிநாடிக்கு ஒரு கீற்று வீதம் 3,000 கீற்றுகள் எடுத்து, ஒவ்வொன்றிலும் 80 அலைவரிசைப் பட்டைகளில் எவ்வளவு ஆற்றல் இருக்கிறது என்று அளக்கும். இதுவரை பெரிய மர்மம் எதுவும் இல்லை.

சுவாரசியம் அடுத்த கட்டத்தில். எழுத்தை வெளியே தள்ளும் பகுதி காதை மட்டும் நம்புவதில்லை. தான் இதுவரை எழுதியதைப் பார்த்து, அடுத்து என்ன வரும் என்றும் ஊகிக்கிறது. அந்த ஊகம் இல்லாவிட்டால் பேச்சுத் தமிழை எழுதவே முடியாது. ‘வந்தாள்’, ‘வந்தால்’ இரண்டும் நம் வாயில் ‘வந்தா’தான். ‘வந்தான்’ என்பதும் ஏறக்குறைய அதுவே. கடைசி உயிர் மூக்கு வழியாகப் போகிறது, அவ்வளவுதான். அந்த மூக்கொலிக்குத் தமிழில் எழுத்து கிடையாது. முன்னால் ‘அவன்’ இருக்கிறதா, ‘அவ’ இருக்கிறதா என்று பார்த்துத்தான் எந்திரம் முடிவுசெய்கிறது. நாமும் அப்படித்தான் கேட்கிறோம்.

இதே சாமர்த்தியம் மலைப் பேச்சில் வினையாகிறது. புத்தகத் தமிழில் இல்லாத ஒரு விகுதியைப் பாட்டி சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். காது மட்டும் சொன்னால் மலை வடிவத்துக்கு 60 சதவீதம், புத்தக வடிவத்துக்கு 40. பழக்கம், அதாவது முன்பு பழகியதை வைத்துச் செய்யும் ஊகம், மட்டும் சொன்னால் மலை வடிவத்துக்கு 5, புத்தக வடிவத்துக்கு 95. பெருக்கிப் பாருங்கள்: 0.03-க்கு எதிராக 0.38. காது சரியாகக் கேட்டும் 12 மடங்குக்கு மேல் தோற்றுவிட்டது. (எண்கள் விளக்கத்துக்காக, விஸ்பரில் இரண்டும் ஒரே வலைக்குள் கலந்தே இருக்கின்றன.) எழுதிய தவறான சொல் அடுத்த ஊகத்துக்கு அடிப்படையாவதால் வாக்கியம் முழுக்கப் புத்தகத் தமிழுக்குச் சாய்கிறது. விளைவு பிழை மாதிரியே தெரியாது. சுத்தமான தமிழாக இருக்கும். தகரக் கூரையில் மழை மட்டும் கேட்கும் இடத்திலும் யாரும் பேசாத வாக்கியத்தை எந்திரம் எழுதிவைக்கும்.

மெட்டா நிறுவனம் 2023-ல் வெளியிட்ட எம்எம்எஸ் என்ற பேச்சறி மென்பொருள் வேறு வகை. பழக்கத்தைச் சேர்க்காமல் கேட்ட எழுத்துகளை மட்டும் தரச் சொல்லலாம். எழுத்துப்பிழை மலியும், ஆனால் பிழை கண்ணுக்குத் தெரியும். ஆவணத்துக்கு அதுவே மேல் என்பது என் கட்சி. அது 1,100-க்கும் மேற்பட்ட மொழிகளில் பழகியது பெரும்பாலும் புதிய ஏற்பாட்டு வாசிப்பில், மொழிக்குச் சராசரியாக 32 மணி நேரம். காப்பித் தோட்டத்துப் பேச்சுக்கும் பைபிள் வாசிப்புக்கும் உள்ள தூரத்தை மறந்துவிடக் கூடாது.

பதிவு கெட்டால் எதுவும் நிற்காது. வாட்ஸ்அப் வாய்ஸ் நோட் வேண்டாம். அது ஒலியைச் சுருக்குகிறது. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பாக எடுங்கள். ஒற்றைத் தடத்துக்கு மணிக்கு சுமார் 518 எம்பி ஆகும். காலர் மைக் வாயிலிருந்து 15 முதல் 20 செ.மீ. கீழே, மலைக்காற்றுக்குப் பஞ்சுரோம உறையோடு. உச்ச அளவு மைனஸ் 12 டெசிபல் பக்கம் நிற்கட்டும். இரைச்சல் நீக்கி, தானியங்கி ஒலியளவு இரண்டையும் அணையுங்கள். முதலாவது ‘ஸ’ போன்ற உரசொலிகளை இரைச்சல் என்று நினைத்துத் தின்றுவிடும். இரண்டாவது, பேச்சு நின்றதும் பின்னணியைத் தூக்கிவிடும்.

பிறகு, ஒலிப்பதிவோடு எழுத்தை அடுக்கடுக்காகப் பொருத்தும் ஈலான் என்ற இலவச மென்பொருளில் இரண்டு அடுக்குகள். முதல் அடுக்கில் கேட்டது கேட்டபடி, சர்வதேச ஒலிக்குறிகளில், இரண்டாவதில் பொதுத்தமிழ். வரிசை மாறக் கூடாது. பொதுத்தமிழை முதலில் எழுதியவருக்கு அப்புறம் காதில் விழுவதும் அதுதான். எந்திரத்தின் பிழைவீதத்தையும் முதல் அடுக்கோடு ஒப்பிட்டே கணக்கிட வேண்டும். திருத்திய எழுத்தோடு ஒப்பிட்டால் திருத்துகிற எந்திரத்துக்கு நல்ல மதிப்பெண் கிடைத்துவிடும். முதல் அடுக்கை எழுத மலை ஊர் இளைஞர்களுக்குப் பயிற்சியும் கூலியும் வேண்டும். சர்வருக்குச் செலவழிக்கத் தயங்காத திட்டங்கள் இந்தக் கூலியில்தான் கையை இறுக்குகின்றன, அது தலைகீழ்க் கணக்கு.

இன்னொன்று, பெரியவர்களின் குரலை எந்த நிறுவனத்துக்கும் அனுப்ப வேண்டியதில்லை. விஸ்பரை இலவசமாக இறக்கி, இணையமே இல்லாமல் சொந்தக் கணினியில் ஓட்டலாம். சிறிய வடிவத்துக்கு 2 ஜிபி கிராபிக்ஸ் நினைவகம் போதும், பெரியதற்கு 10 ஜிபி வேண்டும்.