பேரை மட்டும் மனப்பாடம் பண்ணா மேட்ரிக்ஸ்ல மார்க் விழாது

மதுரையில ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ புள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறவன்ங்கிற முறையில இத எழுதுறேன். பப்ளிக் எக்ஸாம் நெருங்குறப்ப பெத்தவங்க எல்லாருக்கும் கால்குலஸ் பயந்தான், மேட்ரிக்ஸ பத்தி, அதாவது எண்கள நிரை (பக்கவாட்டு வரிசை), நிரல் (மேலிருந்து கீழ் வரிசை)னு கட்டமா அடுக்குற அணி பத்தி, யாருமே வாயத் தொறக்க மாட்டாங்க, ஏன்னா அது ஈஸி சேப்டர்னு ஒரு பேரு. ஆனா பேப்பர் திருத்துறப்ப பாத்தா அநியாயமா மார்க் போறது அதுலதான்.

கோளாறு ப்ளஸ் ஒன்லயே ஆரம்பிச்சிருது. சதுர அணி, மூலைவிட்ட அணி, திசையிலி அணி, அலகு அணி, முக்கோண அணி, சமச்சீர் அணி, எதிர் சமச்சீர் அணின்னு வகைகள வரிசையாக் கேட்டா தூக்கத்துல கூட ஒப்பிச்சிருவாங்க. அதே அணிய பேரு சொல்லாம போர்டுல எழுதிப் போட்டுட்டு இதுல என்ன விசேஷம்னு கேளுங்க, ஒருத்தனும் அத நிமிந்து பாக்க மாட்டான், பேனாவ எடுத்து விரிவாக்க ஆரம்பிச்சிருவான். இந்தா இதப் பாருங்க:

0   3   −5
−3   0   7
5   −7   0

இதோட டிடர்மினன்ட், அதாவது சதுர அணியோட எண்கள வச்சுக் கணக்குப் போட்டு எடுக்குற ஒத்த எண், என்னன்னு கேட்டா பாதிப் பக்கம் போடுறாங்க. மொத நிரைய வச்சு விரிச்சா 0 போக 105 ஒண்ணு வரும், 105 இன்னொண்ணு வரும், ஒண்ணு ப்ளஸ் இன்னொண்ணு மைனஸ், ரெண்டும் அடிபட்டு 0. மைனஸுக்குள்ள மைனஸ் வர்ற எடத்துல லேசா கண்ணு தப்புச்சுன்னா 210னு எழுதிட்டு அடுத்த கேள்விக்குப் போயிருவாங்க, இது நான் அடிக்கடி பாக்குற விடை. எழுதுறதுக்கு முன்னாடி, இடது மேல் மூலையில இருந்து வலது கீழ் மூலைக்குப் போற மூலைவிட்டத்தப் பாத்திருந்தா மூணும் 0, அதுக்கு அங்கிட்டும் இங்கிட்டும் இருக்குற எண்கள் எதிர் குறியோட இருக்கு, அப்ப இது எதிர் சமச்சீர் அணி, வரிசை மூணு ஒத்தப்படை, விடை 0, நேர்மாறும் (பெருக்குனா, மூலைவிட்டத்துல 1ம் மத்ததுல 0ம் உள்ள அலகு அணியத் தர்ற ஜோடி அணி) கெடையாது. பத்து செகண்டு வேல.

ஏன் 0ன்னும் தெரிஞ்சு வச்சுக்கங்க, இல்லன்னா அடுத்த குழியில விழுவீங்க. நிரைய நிரலா மாத்துனா டிடர்மினன்ட் மாறாது. இந்த அணியில நிரைய நிரலா மாத்துனா ஒவ்வொரு எண்ணும் குறி மாறிருது, மூணு நிரையில இருந்தும் ஒவ்வொரு மைனஸா வெளிய எடுத்தா மொத்தத்துல ஒரு மைனஸ் மிஞ்சுது. ஆக அந்த எண்ணும் அதோட மைனஸும் ஒண்ணுங்குது, 0 தவிர வேற எந்த எண்ணுக்கு இது முடியும்? இப்ப ரெண்டுக்கு ரெண்டு எடுங்க, மேல 0, 3, கீழ −3, 0. ரெண்டு மைனஸ் வெளிய வந்து ப்ளஸ் ஆயிரும், டிடர்மினன்ட் 9. எதிர் சமச்சீர்னாலே 0னு மொட்டையா மனப்பாடம் பண்ணவன் இங்க 0 போட்டு மாட்டிக்குவான். 90 மார்க்குல 20 ஒரு மார்க் கேள்வி, இந்த மாதிரி பொறியெல்லாம் அங்கதான் வைப்பாங்க.

மூலைவிட்டத்துல ஏன் சார் 0ன்னு கேக்குற புள்ளைகளுக்கு கபடி ஸ்கோர்தான் சொல்லுவேன். நாலு டீம் ஆடுது, யாரு யார எத்தன பாயிண்ட் வித்தியாசத்துல ஜெயிச்சாங்கன்னு கட்டம் போட்டு எழுதுங்க. மேலூர் டீம் உசிலம்பட்டி டீம 5 பாயிண்ட்ல ஜெயிச்சா உசிலம்பட்டி நிரையில மேலூருக்கு நேரா −5. தன்னோடயே எந்த டீமும் ஆடாது, அங்க 0. அம்புட்டுதான்.

சமச்சீருக்கு ஊர் ஊரா தூரம் போட்ட அட்டவணை. மதுரையில இருந்து திருமங்கலம் எவ்வளவோ திருமங்கலத்துல இருந்து மதுரையும் அவ்வளவுதான், அதனால மேல்பாதிய எழுதுனா கீழ்ப்பாதி தானா வந்துரும். தமிழ்நாட்டுல 38 மாவட்டம், தலைநகரங்களுக்கு இடையில உள்ள தூரத்த கட்டம் போட்டா 1444 கட்டம், ஆனா நெசமா அளக்க வேண்டியது 703தான். பெரிய பெரிய டேட்டாவ கம்ப்யூட்டர்ல சேமிக்கிறவங்களுக்கு இந்தப் பாதி ரொம்பப் பெரிய மிச்சம். ஒரே ஊருக்குள்ள வண்டி ஓட்டுற தூரம்னு வந்தா கத வேற, ஒன்வே தெருவுல போறதுக்கு ஒரு தூரம் வர்றதுக்குச் சுத்திக்கிட்டு இன்னொரு தூரம், சமச்சீர் போயிருச்சு. அதனால அட்டவணையா இருந்தாலே சமச்சீர்னு நெனைக்காம நேருக்கு நேர் எண்ணப் பாக்கணும்.

இன்னொரு எச்சரிக்கை செங்குத்து அணி பத்தி, ஆர்த்தோகனல்னு சொல்றது. செல்போன்ல சுத்துற முப்பது செகண்டு ஷார்ட்கட் வீடியோவ நம்பி, டிடர்மினன்ட் 1 இல்லாட்டி −1 வந்தா செங்குத்து அணின்னு டிக் அடிக்கிறாங்க. தப்பு. செங்குத்து அணின்னா டிடர்மினன்ட் அப்படி வரும், அப்படி வந்ததெல்லாம் செங்குத்து அணி ஆகாது. மேல 1, 1, கீழ 0, 1 போட்டுப் பாருங்க, டிடர்மினன்ட் 1, ஆனா ரெண்டு நிரையிலயும் நேருக்கு நேர் உள்ள எண்களப் பெருக்கிக் கூட்டுனா 1 வருது, 0 வரல. சரியான சோதனை எதுன்னா எந்த ரெண்டு நிரையப் பெருக்கிக் கூட்டுனாலும் 0, ஒரே நிரையோட வர்க்கங்களக் கூட்டுனா 1.

1   2   2
2   1   −2
−2   2   −1

இதுக்கு முன்னாடி 1/3 இருந்தா செங்குத்து அணி. அப்ப நேர்மாறு கண்டுபிடிக்க சேர்ப்பு அணி, இணைக்காரணின்னு ஒம்பது எடத்துல மண்டைய ஒடைக்க வேணாம், நிரைய நிரலா மாத்தி எழுதுனா முடிஞ்சது. ஆனா அந்த 1/3 இல்லன்னா வர்க்கங்களோட கூடுதல் 9, அப்ப நிரைய நிரலா மாத்தி 9ஆல வகுக்கணும். வெளிய நிக்கிற பின்னத்தக் கண்டுக்காம விட்டே எத்தனையோ பேரு மார்க்க கோட்ட விட்டிருக்காங்க.

முக்கோண அணி (மூலைவிட்டத்துக்கு ஒரு பக்கம் முழுசும் 0), மூலைவிட்ட அணி (ரெண்டு பக்கமும் 0) ரெண்டுக்கும் பெருசா கத இல்ல, மூலைவிட்டத்த மட்டும் பெருக்குனா டிடர்மினன்ட், அதுல எங்கயாச்சும் ஒரு 0 இருந்தா நேர்மாறு கெடையாது. அலகு அணி மூலைவிட்ட அணியும்தான், திசையிலி அணியும்தான், சமச்சீரும்தான், செங்குத்தும்தான், ஒண்ணுக்குள்ள ஒண்ணு அடங்கும். கைடுல பெட்டி பெட்டியா பிரிச்சுப் போட்டிருக்கறதப் பாத்துட்டு புள்ளைக இதுவா அதுவான்னு கொழம்புறாங்க, குத்தம் அவங்க மேல இல்ல.

ஜேஇஇக்குப் படிக்கிறவங்க ஒண்ணு கவனிக்கணும், எண்கள்ல இருக்குற பழக்கத்த அப்படியே இங்க கொண்டாரக் கூடாது. ஒரு அணியோட வர்க்கம் பூச்சிய அணின்னா அந்த அணியே பூச்சியம்னு எழுதிராதீங்க: மேல 0, 1, கீழ 0, 0, வர்க்கம் பண்ணுங்க, எல்லாம் 0தான். மேல 0, 1, கீழ 1, 0, இதோட வர்க்கம் அலகு அணி, ஆனா இது அலகு அணியும் இல்ல, அதோட மைனஸும் இல்ல.

இன்ஜினியரிங் போற தம்பிகளுக்கும் பாப்பாக்களுக்கும்: அண்ணா யுனிவர்சிட்டி 2021 ரெகுலேஷன்ல மொத செமஸ்டர்லயே மேட்ரிக்ஸஸ் அண்ட் கால்குலஸ் பேப்பர் இருந்துச்சு, அதுல குவாட்ரேட்டிக் ஃபார்ம (ரெண்டாம் படி உறுப்புகள் மட்டும் உள்ள கோவை) கனானிகல் ஃபார்முக்கு (வர்க்கங்கள் மட்டும் உள்ள வடிவம்) கொண்டு வர்ற பெரிய கணக்கு முழுசும் சமச்சீர் அணிய வச்சுத்தான். சமச்சீர் அணியில வேற வேற ஐகன் வேல்யூவுக்கு வர்ற ஐகன் வெக்டர்க (அணியால பெருக்குனா ஐகன் வேல்யூங்கிற எண்ணோட மடங்கா மட்டும் மாறுற வெக்டர்க) ஒண்ணுக்கொண்ணு செங்குத்தா இருந்தே ஆகணும். மூணு வேல்யூவும் வேற வேறயா இருந்தா, மூணு வெக்டர் கண்டுபிடிச்ச ஒடனே ரெண்டு ரெண்டாப் பெருக்கிக் கூட்டிப் பாருங்க, 0 வரலன்னா அடுத்த ஸ்டெப்புக்குப் போகாதீங்க, வெக்டர்லயோ வேல்யூலயோ கை வழுக்கியிருக்கு, அத மொதல்ல திருத்துங்க.